தொடர்ச்சிப் பிழை

சோஃபியாவுக்கு வெளியே
மூடிக்கிடந்த டிராக்டர் தொழிற்சாலைக்குள்
ஒரு சிகாகோ கட்டினோம்.
கதைப்படி ஜூலை.
வாசலில் பிப்ரவரி, முழங்கால் ஆழப் பனி.
ஆறு பேர் வெந்நீர்க் குழாய் பிடித்துக்
கோடையை வரவழைத்தார்கள்.
மூச்சு புகையாய்த் தெரியாதிருக்க
வசனத்துக்கு முன் எல்லோரும்
ஐஸ் கட்டியை வாயில் அதக்கினார்கள்.
வில்லனின் மகளாக வந்தவள்
"என்ன புழுக்கம்" என்றபோது
பற்கள் தந்தியடித்தன.
அந்த டேக்கைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

என் வேலை சின்னது.
முந்தின ஷாட்டில் சிகரெட் எவ்வளவு நீளம்,
சட்டையில் எத்தனை பொத்தான்,
ரத்தம் எந்தப் பக்கம்.
குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நாயகர் ஒன்பது நாள் இருந்தார்.
பத்தாம் நாள் வேறு நாட்டில்
வேறு துப்பாக்கி அவருக்குக் காத்திருந்தது.
மிச்சப் படத்தை
வெலிஸாரின் முதுகை வைத்து எடுத்தோம்.
பெர்னிக் ஊர் மல்யுத்தக்காரன்,
கதவை மறைக்கும் முதுகு.
ஓடுகிற முதுகு, சுடுகிற முதுகு,
மனைவியின் கல்லறை முன் குனிகிற முதுகு.
அதற்கு மட்டும் ஏழு டேக்.
முதுகு அழவில்லை என்றார் இயக்குநர்.

காட்சி நூற்றுப் பன்னிரண்டு.
இடது கையில் குண்டு உரசிய கட்டோடு
அவன் ஜன்னலை உடைத்து வெளியே பாய வேண்டும்.
சர்க்கரைக் கண்ணாடி மூன்று கேட்டிருந்தோம்.
பாக்கிப் பணம் போகாததால் இரண்டுதான் வந்தன.
மூன்றாவது டேக்குக்கு முன்
யாரோ எதையோ மாட்டினார்கள்.
உடைந்த சத்தம் வேறாக இருந்தது.

வலது உள்ளங்கை, கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை.
முதலுதவிப் பெட்டியைத் திறந்தால்
உள்ளே பேட்டரிகள்.
மேக்கப் போடும் த்ஸோன்கா
இடது கையின் பொய்க்கட்டை அவிழ்த்து
வலது கையில் இறுக்கினாள்.
சாயமும் ரத்தமும் ஒரே நிறம்,
சாயம் கொஞ்சம் அழகு.
ஹெலிகாப்டர் மணிக்கணக்கு வாடகை.
தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார்,
நான் நோட்டைப் பார்த்தேன்,
கேமரா ஓடியது.

கட்டு கைமாறியது.
கைமாறாக அவனுக்கு நூற்றைம்பது லெவா.

விமர்சனங்கள் வந்தன.
ஐந்துக்கு ஒரு நட்சத்திரம், அதில் பாதி நாய்க்கு.
இத்தனை தோட்டாவில் ஒன்றாவது
திரைக்கதைமேல் பட்டிருக்கலாம் என்றார் ஒருவர்.
நாயகர் முகத்தைவிட முதுகால் நன்றாக நடிக்கிறார் என்றார் இன்னொருவர்;
கிண்டல்தான்,
வெலிஸார் அதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.
எல்லோரும் சிரித்தது மட்டும் ஒரே இடத்தில்:
இடது கைக் கட்டு வலது கைக்குத் தாவுகிறதே,
இதைக் கவனிக்க ஓர் ஆள்கூடவா இல்லை?

இருந்தேன்.

இப்போது அவன் பர்காஸ் போகிற இரவு பஸ் ஓட்டுகிறான்.
தெரிந்துதான் ஏறினேன்.
முன்னால் சின்னத் திரையில் நம்ம படம்,
நாயகர், வில்லன், ஏழு வயதுக் குழந்தை,
மூவருக்கும் ஒரே தடித்த ஆண் குரல்.
ஜன்னல் உடைகிறது.
பின்சீட்டுப் பையன்கள் விசிலடிக்கிறார்கள்:
"கட்டைப் பாருடா!"
எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது
ஓட்டுநர்.

பழக்கதோஷம்,
பயணச்சீட்டின் பின்னால் குறிக்கிறேன்:
சட்டையில் ஐந்து பொத்தான்.
சிகரெட் இல்லை.
கியர் மாற்றும்போது
வலது கட்டைவிரல் மடங்கவில்லை.