இம்மி

ரீகாவில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
ஆம்ப்ளிஃபயரின் குமிழ்
முழுச் சத்தத்தில் சிக்கிப் பல மாதம் ஆகிறது.
குறடு வைத்துத் திருகியும் அசையவில்லை.
ஆகவே கூட்டுவதும் குறைப்பதும்
உல்டிஸ் எழுதிக்கொண்டிருக்கும் ப்ளேயரின் பாடு.

கட்டிலில் ஸைகா. இரவெல்லாம் ட்ராம் ஓட்டியவள்,
காலுறையைக்கூடக் கழற்றாமல் தூங்குகிறாள்.
அவளுக்காகத்தான் நூறிலிருந்து
நான்குக்கு இறக்கினான்.

ஓடிக்கொண்டிருந்தது அவன் தங்கை வல்தாவின் கோக்லே.
கடைசித் தந்தியை மீட்டிவிட்டு
அவள் அசையாமல் காத்திருந்த பதினோரு நொடி
நான்கில் ஆறே நொடி.
அதுவும் தேயவில்லை,
கரகரத்து, முரடாக இறங்கி,
சட்டென்று பூஜ்யம்.

காரணம் அவன் எழுதிய ஒரே வரி.
பாதியாக்கும் ஒவ்வொரு முறையும்
அடியிலிருந்து ஒரு பிட் உதிரும்.
எட்டு முறை பாதியாக்கினால்
பதினாறில் மிச்சம் எட்டு.
உதிர்ந்ததை, சில்லறை இல்லை என்று
கல்லாவுக்குள் தள்ளும் கடைக்காரன் மாதிரி
வெட்டிப் போட்டிருந்தான்.
இவ்வளவு சின்னச் சத்தத்தில்
யாருக்குத் தெரியப் போகிறது?

ஸைகா கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:
"சத்தம் என்னை எழுப்பவில்லை.
கடைசியில் ஒரு படி இல்லை.
கால் தவறிவிட்டது."
போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

வெளியே அனுப்பும் கணம்வரை
பின்னங்களைப் பின்னங்களாகவே விட்டுவைத்தான்.
வெட்டித்தான் ஆகவேண்டிய இடத்தில்
வெட்டுமுன் தூவ வேண்டும்
இம்மியளவு இரைச்சல்.
மனசு ஒப்பவில்லை.
சுத்தம் வேண்டி அழுக்குச் சேர்ப்பதா?

தூவினான்.
பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே
இடமே இல்லாதிருந்த ஒலி
இப்போது ஒன்றாய், பூஜ்யமாய், மறுபடி ஒன்றாய்த்
தள்ளாடித் தள்ளாடியே
நடுவில் இருப்பதைச் சொல்லிவிட்டது.

மறுபடி நான்கு.
தூறலைப்போல் மெல்லிய ஸ்ஸ்.
அதற்குள் தந்தி, குற்றியலுகரம்போல,
பாதி மூச்சில், ஆனாலும் விழுங்கப்படாமல்.
ஏழு, எட்டு, ஒன்பது.
பத்தாம் நொடியில், நான்கில் இதுவரை கேட்டிராதது:
ஜலதோஷக்காரி வல்தா
மூக்கை உறிஞ்சுகிறாள்.

கட்டிலைப் பார்த்தான். அசைவில்லை.
வரிக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதினான்:
இரைச்சல் வேண்டுமென்றே. நீக்காதீர்கள்.

ஆறு மணிக்கு அவளுடைய அலாரம் அடிக்கும்.
அதன் சத்தம் அவன் கையில் இல்லை.