ரெண்டு மார்க்

தண்ணி லாரி இன்றைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
இந்தப் பக்கம் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.
ஆகவே நான், தம்பி ஒச்சப்பன், எதிர்வீட்டு நஸ்ரீன்,
பன்னிரண்டு பிளாஸ்டிக் குடம்,
பழைய இரும்புக் கடையில் கெஞ்சி வாங்கிய தள்ளுவண்டி.

போகும்போது வண்டி காலி.
ஒச்சப்பன் ஒரு கையால் தள்ளினான்.
அது ஓடிய ஓட்டத்தில்
செல்லூர் நாய் ஒன்று தூக்கம் கலைந்து வழிவிட்டது.

திரும்பும்போது அதே கை, அதே தள்ளல்.
வண்டி அசையவில்லை.
குடத்துக்குப் பதினைந்து லிட்டர்;
நூற்றெண்பது கிலோ தண்ணீர்
எதுக்கு நகரணும் என்று கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தது.
நிறை கூடினால் சோம்பலும் கூடும்.
அந்தச் சோம்பலுக்கு எங்கள் புத்தகம்
நிலைமம் என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறது.

மூன்று பேரும் தோள் கொடுத்தோம்.
முதல் சுற்றுக்குத்தான் சக்கரம் முனகியது.
பிறகு தன்பாட்டுக்கு வந்தது,
புரோட்டாக் கடை தாண்டி, பஞ்சர் கடை தாண்டி,
மேடு ஏறுகிற இடம் வரைக்கும்.

அங்கேதான் ஷேர் ஆட்டோ குறுக்கே புகுந்தது.
இழுத்துப் பிடித்தோம். வண்டி நின்றது.
தண்ணீர் நிற்கவில்லை.
அதை யார் பிடித்தார்கள் நிற்பதற்கு?
குடத்து வாயைத் தாண்டி முன்னால் பாய்ந்து
ஆட்டோக்காரர் சட்டையில் போய்த்தான் ஓய்ந்தது.
"பாத்து வரமாட்டியா பாப்பா?"
"நீங்க பாத்து வந்தீகளாண்ணே?" இது நஸ்ரீன்.
சமமாகவும், எதிர்த்திசையிலும்.

சிந்திய தண்ணீர் சரிவில் இறங்கி
எங்கள் காலடிக்கு வந்து சேர்ந்தது.
சக்கரத்துக்குப் பின்னால் அரைச் செங்கல் வைத்தான் ஒச்சப்பன்.
தள்ளினேன்.
வண்டி மேலே போகவில்லை, நான் கீழே போனேன்.
தேய்ந்த செருப்பு, மழமழவென்று ஈரம்.
மறுபடி தள்ளினேன். மறுபடி நானே போனேன்.

வியாழக்கிழமைப் பரீட்சையில்
நான் வெறுமையாக விட்டுவந்த கேள்வி
முழங்கால் சிராய்த்த அந்த நொடியில் ஞாபகம் வந்தது:
ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டெனில்
பொருள்கள் நகர்வது எப்படி?

நான் எவ்வளவு தள்ளுகிறேனோ
வண்டியும் என்னை அவ்வளவே தள்ளுகிறது.
இதில் எள்ளளவும் ஏமாற்று இல்லை.
ஆனால் நான் தள்ளுவது வண்டியின் மேல்.
அது தள்ளுவது என் மேல்.
வேறு வேறு ஆள்மேல் விழுந்த அடி
ஒன்றையொன்று எப்படிக் கழிக்கும்?
தவிர, கீழே காலில்
இன்னொரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.
நான் ரோட்டைப் பின்னால் உதைக்க வேண்டும்,
ரோடு என்னை முன்னால் உதைக்க வேண்டும்.
ஈரம் நடுவில் படுத்துக்கொண்டு
இரண்டு பேரையும் பேசவிடவில்லை.

செருப்பைக் கழற்றிக் குடங்களுக்கு நடுவில் செருகினேன்.
ஒச்சப்பன் குழியோரத்து மண்ணை
ரெண்டு கை அள்ளி ஈரத்தின்மேல் வீசினான்.
அவன் நாலாம் வகுப்பு.
உராய்வு என்ற பாடமே அவனுக்கு இன்னும் வரவில்லை.

உள்ளங்கால் எரிந்தது.
செங்கல் மெல்லப் பின்தங்கியது.
வண்டி ஏறியது.
ஏற்றியது ரோடுதான்;
பல்லைக் கடித்தது மட்டும்தான் நாங்கள்.

வீட்டில் எண்ணிப் பார்த்தால் பதினொன்றரைக் குடம்.
மீதி அரைக் குடம் ஒரு சட்டையிலும் சரிவிலும்.

ராத்திரி நோட்டில் படம் போட்டேன்.
வண்டியின் மேல் ஓர் அம்பு, என் மேல் ஓர் அம்பு,
ஸ்கேல் வைத்து, மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே நீளம்.
மூன்றாவது அம்பு
ரோட்டிலிருந்து என் பாதத்துக்கு.
அதைக் கொஞ்சம் நீளமாக இழுத்தேன்.

"அது ஏன்டி மட்டும் பெருசு?"
நஸ்ரீன் எட்டிப் பார்த்தாள்.

தண்ணி வேணுமா வேண்டாமா என்றேன்.