எண்பத்து நான்கு

இரவுப் பணி முடிந்த ஞாயிறு.
விரலிடுக்கில் இன்னும் ஸ்பிரிட் வாசனை.
காட்பாடி பஸ் ஏறாமல்
லாங் பஜார் பக்கம் திரும்புகின்றன கால்கள்.
நான் திருப்பவில்லை.

ஜுனைதின் தள்ளுவண்டியில்
ஒரு பிஸ்கட் டப்பா நிறைய
நின்றுபோன கைக்கடிகாரங்கள்.
பட்டை இழந்தவை, கண்ணாடி கீறியவை,
ஈரம் குடித்து உள்ளே பூத்தவை.
பக்கத்தில் சார்ஜர் ஒயர், ரிமோட்,
ஒற்றைக் கால் பொம்மை.

எடுத்ததும் டப்பாவைக் கிளறக் கூடாது.
முதலில் ரிமோட்டுக்கு விலை கேட்க வேண்டும்.

பச்சை முகத்தோடு ஒன்று,
சீக்கோ ஃபைவ் என்கிறது.
லென்ஸைக் கண்ணில் செருகிப் பார்த்தால்
எழுத்து தடித்திருக்கிறது,
ஆறுக்குக் கீழே இருக்கவேண்டிய
பொடி எண்களைக் காணோம்.
எங்கேயோ ஒரு சந்தில் யாரோ
சாயம் பூசி ஜப்பான் ஆக்கியிருக்கிறார்கள்.
"இது கல்யாண மேக்கப், ஜுனைத்."
"சிஸ்டருக்குத் தெரியாததா" என்று சிரித்து
அடுத்து வருபவருக்காக
அதை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறான்.

அடியில் கிடந்தது இது.
சாம்பல் முகம்.
நாலு மணியருகே ஒதுங்கிய குமிழ்.
முள்ளில் ரேடியம் பழுத்து டீ நிறம்.
முதுகு எண்ணில் முதல் இலக்கம் ஏழு,
அடுத்தது மூன்று:
எழுபத்தேழு மார்ச்.
எண்பத்தேழாகவும் இருக்கலாம்;
மாடல் எண் எழுபத்தேழு என்கிறது.
கிழமைச் சாளரத்தில் அரபி எழுத்து.
தமாமிலோ துபாயிலோ
முதல் சம்பளத்தில் யாரோ வாங்கி
மேல்விஷாரத்துக்குக் கொண்டுவந்திருப்பார்.
அல்லது இல்லை. எனக்கெப்படித் தெரியும்.

இரண்டு முறை உலுக்கினேன்.
ஓடியது.

ஓட்டம் சோதிக்கும் கருவியெல்லாம்
என்னிடம் கிடையாது.
பதினேழு வருடம் அடுத்தவர் மணிக்கட்டில்
எண்ணிப் பழகிய இரண்டு விரல்கள் உண்டு.
என் நாடியை நானே பிடிப்பேன்.
எழுபத்திரண்டு வந்தால் கடிகாரம் யோக்கியம்.
கூடினால் அது சோம்பேறி,
குறைந்தால் அவசரக்குடுக்கை.

வண்டியோரம் நின்று
ஒரு நிமிடம் எண்ணினேன்.
எண்பத்து நான்கு.

"ரொம்ப ஸ்லோ."
"ஸ்லோவா? ஜம்முனு ஓடுது சிஸ்டர். ரெண்டாயிரம்."
"எந்நூறு."
"பட்டையே எந்நூறு ஆவும்."
"இதுல பட்டையே இல்லியே."
பேசிக்கொண்டே அவன்
என் இடது மணிக்கட்டைப் பார்த்தான்,
அதன்மேல் எடுக்க மறந்த விரல்களை.
ஆயிரத்து நானூறுக்கு இறங்கியவன்
அப்படியே நின்றுவிட்டான்,
சித்திரை மாதத்து வேலூர்க் காற்று போல.

ஞாயிற்றுக் கறிப்பணமும் அதில் போயிற்று.
இலவம்பாடி முள்ளுக் கத்தரி அரைக் கிலோ
வாங்கிக்கொண்டேன்.
தேவதாஸ் ஒன்றும் கேட்க மாட்டார்.
கத்தரிக்காயைப் பார்த்ததுமே
"எத்தனாவது?" என்பார், அவ்வளவுதான்.

பன்னிரண்டாவது.
வார்டில் முழங்கைக்குக் கீழே
எதுவும் கட்டக் கூடாது.
மற்ற பதினொன்றும் வீட்டில்
காலி மாத்திரைப் பெட்டியில்
ஆளுக்கொரு நேரத்தில் நின்றிருக்கின்றன.
கை அசைந்தால்தான் ஓடும் ஜாதி.
விடுமுறை நாளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு
துணி துவைப்பேன்.

பட்டையில்லாததால் உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன்.
பாலாற்றுப் பாலத்தில் பஸ் குதித்தது.
கீழே மணலும் சீமைக்கருவேலமும்.
ஒவ்வொரு பள்ளத்துக்கும்
உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று
சர்ரென்று சுற்றி
சுருளை இறுக்குவது கைக்குத் தெரிந்தது.
டிரைவரைத் திட்டிய பெண்மணியிடம்
இதை எப்படிச் சொல்ல.

வீட்டில், அடுப்பில் கத்தரிக்காய் வதங்க,
போனையும் இதையும் அருகருகே வைத்து
பத்து நிமிடம் பார்த்தேன்.
ஒரு நொடிகூடப் பிசகவில்லை.

அப்படியானால்
அந்த எண்பத்து நான்கு என்னுடையது.
பயலுக்கு அது தெரிந்திருக்கிறது.

அடுத்த வாரம்
சேலைத் தலைப்புக்குள் கையை வைத்துத்தான்
எண்ண வேண்டும்.