பூ இல்லாத காசு

டோட்மோர்டன் சந்தைக் கூடத்தில் வியாழக்கிழமைகளில்
எனக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு,
பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கண்.
செல்லாக்காசு என்பது எனக்கு வசவில்லை, சரக்கு.
பக்கத்து மேசைக்காரர் பாலாடைக்கட்டி விற்கிறார்.
என் பென்னிகளில் எல்லாம் அந்த வாடை உண்டு,
அதற்காக நான் விலை குறைப்பதில்லை.

பழைய பென்னியில் முதலில் தலைமுடியைப் பார்க்க வேண்டும்.
விக்டோரியாவின் கொண்டையில்
இழை இழையாகப் பிரிந்து நின்றால் ஒரு விலை,
களிமண்ணாகக் கூடிவிட்டால் வேறு விலை.
பிரிட்டானியாவின் விரல்கள் சூலத்தைப் பிடித்திருக்கின்றனவா,
சூலமே விரலாகிவிட்டதா?
பார்த்ததைச் சொல்லிவிடுவேன்.
‘சுமார்’ என்பது எங்கள் தொழிலில் கனிவான சொல்.

நெல்லி அக்ராய்ட் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தபோது
கண் கூசியது.
இருநூற்றுப் பன்னிரண்டு பென்னிகள்,
புதுக் குழாய்போலத் தகதகவென்று.
“மூன்று நாள் தேய்த்தேன்” என்றார்.
விரல் நுனிகளில் இன்னும் பாலிஷ் கறுப்பு.

காற்றும் வியர்வையும் கூடி
ஒரு நூற்றாண்டாகப் பூசிய பழுப்பு.
அதைத்தானம்மா நாங்கள் காசு கொடுத்து வாங்குகிறோம்
என்று எப்படிச் சொல்வது?
சொன்னேன்.
டப்பா முழுவதற்கும் ஆறு பவுண்டு.
பேருந்துக்குப் போக
ஒரு பொட்டலம் வறுத்த மீன் கிடைக்கும்.

அவர் முகம் மாறவில்லை. கைப்பையைத் துழாவினார்.
“இதை மட்டும் தேய்க்கவில்லை. எப்படியும் கெட்டுப்போனது.
ஹார்ட்லியின் மேல்கோட்டில் கிடந்தது.”

ஒரு பக்கம் ராஜா, தாடியோடு, இடப்பக்கம் பார்த்து.
புரட்டினேன்.
மறுபக்கமும் ராஜா,
உள்ளே குழிந்து, வலப்பக்கம் பார்த்து,
எழுத்தெல்லாம் கண்ணாடியில் படிப்பதுபோலத் திரும்பி.
பிரிட்டானியா இல்லை,
அவள் காலடியில் இருக்க வேண்டிய வருடமும் இல்லை.

அச்சுக்கூடத்தில் ஒரு நொடிப் பிசகு.
அடித்த காசு விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டது,
அடுத்த தகடு வந்து படுத்தது,
முந்தையதன் முகத்தைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு போனது.
பொறுக்கி எறிய வேண்டியவன்
கொட்டாவி விட்டிருக்கிறான்.

“பூவா தலையா போட வைத்திருந்தார்” என்றார் நெல்லி.
“குளிர்காலத்தில் யார் முதலில் எழுந்து
கரி அள்ளி வந்து கணப்பு மூட்டுவது என்று.
இருட்டிலேயே சுண்டுவார்,
தடவிப் பார்த்துச் சொல்வார்.
முப்பத்தொரு வருடம்.”

உங்களுக்கு எது?

“நான் தலை. அவர் எப்போதும் பூ.
ஒரு நாளும் மாற்றிக் கேட்டதில்லை, பிடிவாதக்காரர்.”

நான் லென்ஸைத் துடைத்தேன்.
அது அழுக்காக இல்லை.

பக்கத்து மேசையில் கம்பி ஒரு கட்டியை
மேலிருந்து கீழ்வரை அறுத்து முடித்தது.
அவ்வளவு நேரம் ஆயிற்று அவருக்கு.
பிறகு மேசையில் ஒரு குத்து. பென்னிகள் துள்ளின.

“படுபாவி! எனக்கு ராசியான கை என்றல்லவா நம்பினேன்!
அந்த நம்பிக்கையில் டான்காஸ்டர் குதிரைகள்மேல்
எத்தனை சனிக்கிழமை,
எவ்வளவு பணம்!”

தரம் எழுத வேண்டும்.
மேலிருக்கும் ராஜாவுக்குக் கட்டைவிரல் பட்டுப்பட்டு
காது போய்விட்டது, தாடி மழுங்கிவிட்டது.
குழிக்குள் இருப்பவனோ விரல் எட்டாத ஆழத்தில்
மீசையின் கடைசி மயிர்வரை
இன்று காலை அடித்ததுபோல.
இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டு.
பேனாவை வைத்துவிட்டேன்.

இருநூறு என்று சொல்ல வாயெடுத்தேன்,
நானூறு வந்தது.
அறுநூறு என்றார் அவர்.
முடியாது என்றேன்.

“சுண்டிப் பார்த்துவிடுவோமா?”
கேட்கும்போதே காசு அவர் கையில்.
“நான் தலை.”