மூன்றடி இடைவெளி

பீடத்தைச் சுவரிலிருந்து பெயர்த்தவன் நான்தான்.
அறுபத்தெட்டு, தவக்காலத்துக்கு முந்தின வாரம்,
ஃபிளாண்டர்ஸில் விடாத தூறல்.
ரோமையில் சங்கம் கூடிச் சொல்லிவிட்டதாம்.
எனக்குச் சொன்னது கூலி மட்டும்.

பின்னால் கிடந்தவை:
எலிக்கூடு, மெழுகுக் கட்டி,
எந்தக் காலத்துப் பீடச்சிறுவனோ ஒளித்த கோலிக்குண்டு.

ஞாயிறன்று பாதர் லீவன்
எங்கள் பக்கம் பார்த்து நின்றார்.
கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு.
மாட்டுச்சந்தையில் நாங்கள் பேரம் பேசும் அதே மொழியில்
"இது என் உடல்" என்றார்.
எழுந்தேற்றத்தில் அழுதார்.

கோடெலீவ் என்னை முழங்கையால் இடித்தாள்:
"முப்பது வருஷமும் இப்படித்தானா?"
சுவரைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாருக்கும் பிடிக்கவில்லை.
என் மாமனார் சாகும்வரை கதவருகே நின்று
பூசை முழுக்க ஜெபமாலை உருட்டினார்,
இலத்தீனில், கொஞ்சம் சத்தமாகவே.
கிராதியைக் கழற்றி விற்றோம்.
மார்டன்ஸ் வீட்டுக் கோழிகளுக்கு அது வேலி.
அதில் மட்டும் எனக்கு இன்னும் வெட்கம்.

இப்போது பதினோரு பேர் வருகிறோம்.
பாதர் இலுங்கா கின்ஷாசாக்காரர்;
அங்கே காணிக்கை பவனியே ஆட்டமாகத்தான் வருமாம்.
இங்கே யாரோ மனு எழுதியிருக்கிறார்கள்,
பீடம் திரும்பச் சுவரோடு சேர வேண்டுமென்று.

"முடியுமா?" என்றார்.
கல்தானே, முடியும்.
ஆனால் பாருங்கள் என்று தரையைக் காட்டினேன்:
குருக்கள் நின்று நின்று
இரண்டு பாதமளவுக்கு மழுங்கிய பள்ளம்.

செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்றார்.
எங்களைப் பார்த்தார்.
"கொஞ்சம் பெரிசு" என்றார்.