வாட்டம்

மூன்று ஞாயிறாக வருகிறேன் என்கிறார் பிளம்பர்.
நான்காம் ஞாயிறு நானே
பி.என். ரோட்டில் நூற்று எண்பது ரூபாய்க்கு
ஸ்டீல் ஜாலி வாங்கிவிட்டேன்.
ஐந்துக்கு ஐந்து, சதுரம்.
கரப்பான் ஏறாதபடி உள்ளே ஒரு கப்.
"ஊட்ல ஆம்பள யாருமில்லீங்ளா?" என்றார் கடைக்காரர்.
இருக்கிறார்.
டையிங்கில் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறார்.
வெள்ளை சிமெண்ட் ஒரு கிலோ போடுங்க என்றேன்.

பழையதைப் பெயர்ப்பதுதான் பாடு.
உளியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்,
நிமிர்த்தினால் டைல்ஸ் தெறித்துவிடும்.
ஒரு அடி.
உள்ளறையில் குறட்டை தொடர்கிறதா?
மறுபடி ஒரு அடி.
வாரத்தில் ஆறு நாளும் செக்கிங் டேபிளில்
பனியன் துணியில் ஓட்டை தேடுகிறவள் நான்.
ஏழாம் நாள் இப்படி
ஓர் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டு குத்தவைத்திருக்கிறேன்.

கோபியிலிருந்து போன்.
"அம்மிணி, தொறந்துட்டியா?
என்ற திருகாணி கெடக்குதான்னு பாரு."

சாந்தாமணி நங்கையா
முந்தின தைப்பூசத்துக்கும் முந்தின தைப்பூசத்துக்கு வந்தவள்
தலைக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தாள்.
காதில் கம்மல் இருந்தது, திருகாணி இல்லை.
மெத்தையை உதறினோம்.
மாவு டப்பாவைக் கொட்டிச் சலித்தோம்.
என் கைப்பையை யாரும் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருந்ததை நான் பார்த்தேன்.
அப்போது அவர்தான் சொன்னார்:
"ஜாலிக்குள்ள போயிருக்கும், உடுங்க."
விட்டார்கள்.
அன்றிலிருந்து என் நாணயத்தைக் காத்துவந்தது
துருப்பிடித்த இந்த வட்டம்.

கேரி பேக்கைக் கையில் மாட்டிக்கொண்டு
நானி டிராப்புக்குள் மணிக்கட்டு வரை விட்டேன்.
முடி.
என்னுடையது, கனிஷ்காவுடையது, அவருடையது,
எல்லாம் ஒரே சடையாய்.
ஷாம்பு பாக்கெட்டின் கிழித்த மூலைகள்.
ரவிக்கை ஊக்கு. ஓர் ஒட்டுப் பொட்டு.
அடியில் சேறு,
அவர் உடம்பிலிருந்து இறங்கி இறங்கி நீலமாகிப்போனது.
பழைய பேப்பரில் பரப்பி
டியூப் லைட்டுக்கடியில் விரல் விரலாகப் பார்த்தேன்.
மின்னியதெல்லாம் ஷாம்பு கவர்.

சரி. இங்கே இல்லை.

ரசமட்டத்துக்கு எங்கே போவது?
கனிஷ்கா கோலிகுண்டு கொண்டுவந்தாள்.
மூன்று மூலையிலிருந்து உருட்டியது குழிக்கு வந்தது.
நான்காவது மூலையிலிருந்து உருட்டியது
கதவைத் தாண்டி அடுப்படிக்குப் போனது.
கட்டின மேஸ்திரி அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தாரோ.
அந்த மூலைக்கு இனி துடைப்பம்தான்.
ஜாலியை டைல்ஸைவிட ஒரு நூல் இறக்கி வைத்தேன்.
கம்பெனியில் நூலென்றால் வேறு,
கொத்தனாரிடம் நூலென்றால் அரைக்கால் அங்குலம்.

அவர் எழுந்து வந்து வாசலில் நின்றார்.
"ஏன், முகம் வாட்டமா இருக்குது?"
"தரைக்குத்தாங்க வாட்டம் பத்தல."
பேப்பரை அவரே சுருட்டி
குப்பைக்குக் கொண்டுபோனார்,
ஒன்றும் கேட்காமல்.
குப்பையெடுத்துப் போகிற வழக்கமுள்ளவரல்ல.

மறுபடியும் போன்.
என் இரண்டு கையிலும் சிமெண்ட்.
கனிஷ்கா ஸ்பீக்கரில் போட்டுக் காதருகே பிடித்தாள்.
"கெடச்சுதா அம்மிணி?"
"ரொம்ப ஆழத்துக்குப் போயிருச்சாட்ட இருக்குதுங்க நங்கையா.
இனி எடுக்க முடியாதுங்க."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மிக்சி ஓடியது.
"போச்சாது போ.
நொய்யலாத்தா காதுல போட்டுக்கட்டும்."
கனிஷ்கா என்னைப் பார்த்தாள்.
பேப்பரில் கிடந்ததையெல்லாம் என்னோடு குனிந்து பார்த்தவள்.
போனை அணைத்துவிட்டு
சிமெண்ட் குழைத்த மூடியை என் பக்கம் நகர்த்தினாள்.

நான்கு ஓரமும் விரலால் வழித்து அடைத்தேன்.
ஈரத்துணியால் ஒற்றியெடுத்தேன்.
ஒரு நாள் முழுக்க யாரும் கால் வைக்கக் கூடாதென்று
கதவுக்குக் குறுக்கே பிளாஸ்டிக் சேர்.
அவர் குளிக்காமலே ஷிப்டுக்குப் போனார்.

நாளைப் பொழுதோட
உப்புத்தண்ணி ரெண்டு குடம் ஊற்றிப் பார்க்க வேண்டும்.
சுழித்து இறங்கினால் சரி.
நின்றுவிட்டால்
மறுபடி உளிதான்.