அசையுதா

வெள்ளாவெளியில் வெட்டி முடிந்த வயல்.
கச்சான் காற்று விடிந்ததிலிருந்தே
உதட்டைக் காயவைத்துக்கொண்டிருந்தது.
இர்பாத் வின்ச்சை முடுக்கினான்.
கயிறு விறைத்தது.
நிலோஜினி நாலு எட்டு ஓடினாள்,
ஐந்தாவது எட்டுக்கு நிலம் இருக்கவில்லை.

என் வேலை அவ்வளவு பெரிசில்லை.
பட்டா வாகனம், முக்கால் தாங்கி டீசல்,
றப்பர் பட்டி போட்டுக் கட்டின போன்,
அதில் ஒரு சிவப்புப் புள்ளி.
புள்ளி போகிற பக்கம் போகவேண்டும்.
எங்கே இறங்கினாலும்
செட்டையை மடித்து ஏற்றி
ஆளை வீட்டில் விடவேண்டும்.

அவளுக்கு மேலே தெரு இல்லை.
எனக்கு இருக்கு:
பாலையடிவட்டை வளைவு, மாடு,
மணல் ஏற்றின டிராக்டர், மறுகாலும் மாடு.

எழுநூறு மீற்றர். எண்ணூற்று நாற்பது.
கிறுகிக் கிறுகி ஏறுகிறாள் என்று
புள்ளியின் வால் சொன்னது,
பிள்ளை பென்சிலால் சுழித்த மாதிரி.
நிமிர்ந்து பார்த்தேன். வெயில் மட்டும்.
போனில் இருப்பது ஒரு நிமிடம் பழைய அவள்.
இப்போதைய அவளை
வானம் வைத்திருந்தது,
எனக்குக் காட்டவில்லை.

முதல் அழைப்பு டோகாவிலிருந்து. தம்பி கஜேந்தன்.
"ஐம்பத்தொன்பதில போறாள் அண்ணே, நல்ல வேகம்."
அடுத்தது கல்லடியிலிருந்து. தாய்.
உயரம் கேட்கவில்லை, வேகம் கேட்கவில்லை.
"தம்பி, அசையுதா?"
அசையுது அம்மா.
வைத்துவிட்டார்.

அந்த வீட்டிலிருந்து தொண்ணூறில்
சந்தைக்குப் போன ஒருவர்
எந்த வரைபடத்திலும்
எந்தப் புள்ளியாகவும் இல்லை என்று
இர்பாத் ஒருமுறை சொன்னான்.
நான் அதை அவரிடம் பேசினது கிடையாது.

கச்சான் அவளை எழுவான்கரைக்குத் தள்ளியது.
நான் படுவான்கரையில்.
நடுவில் வாவி.
மண்டூர்த் துறைக்கு வந்தபோது
பாதை அக்கரையில் நின்றது.
பட்டிருப்புப் பாலத்தால் சுற்றினால் அரை மணித்தியாலம்.
சுற்றுவதா, நிற்பதா என்று
ஸ்டியரிங்கில் விரல் தட்டிக்கொண்டிருக்கையில்

மூன்று நாற்பத்திரண்டுக்குப் புள்ளி நின்றது.
நீலத்தின் நட்டநடுவில் சிவப்பு.
உயரம் முந்நூற்றுப் பத்து.
கீழே சின்ன எழுத்தில்:
கடைசியாகக் கண்டது நாலு நிமிடங்களுக்கு முன்.
மறுகா ஐந்து.
மறுகா ஏழு.

தண்ணீரைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன்.
தண்ணீரில் ஒரு நீர்க்காகம் முங்கி எழும்பியது.
போன் அடித்தது. கல்லடி.
நான் எடுக்கவில்லை.
ஓயும்வரை கையில் கிடந்து
மீன் மாதிரித் துடித்தது.

பாதையில் ஏறின பிறகு தெரியாத இலக்கம் ஒன்று.
"அண்ணே, நான்தான். குருமண்வெளிப் பள்ளிக்கூட மைதானம்.
பொடியன்மாரின்ர மேட்சைக் குழப்பிப்போட்டன்.
போன் வெயிலில கொதிச்சுச் செத்துப்போச்சு."

போய்ச் சேர்ந்தபோது
பந்து வீச ஓடிவந்தவன்
ஒரு கையில் பந்தும்
மறு கையில் செட்டையின் ஓரமுமாக நின்றான்.
தாய்க்கு நானே எடுத்தேன்.
ஆள் தரையில், முழங்காலில் சிராய்ப்பு மட்டும்.
மகள் பேசினாள், சிரித்தாள்,
என்னிடம் திருப்பித் தந்தாள்.
"குரல் கேட்டன் தம்பி.
ஆனா இன்னும் தண்ணிக்கு மேலதான் காட்டுது."
அது பழசு அம்மா.
"தெரியும்."
வைக்கவில்லை.

ஆகவே நாங்கள் புறப்படவில்லை.
எஞ்சினை ஓடவிட்டு,
செத்த போனைச் சார்ஜரில் செருகி,
காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போல
ஈரத்துண்டால் அதன் முதுகைத் துடைத்தபடி
நிலோஜினி முன்சீட்டில் இருந்தாள்.
ஒரு வீதம். மூன்று வீதம்.
பொடியன்மார் மறுபடி விளையாடத் தொடங்கினார்கள்.
காதோரம் கல்லடியில் ஒரு மின்விசிறி
கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது.

புள்ளி துள்ளியது.
வாவி நடுவிலிருந்து மைதானம்வரை
அடிமட்டம் வைத்துக் கீறின நேர்க்கோடு.
அவள் அப்படிப் பறக்கவேயில்லை.
தென்னைகளுக்குப் பயந்து
கரையோரம் இரண்டு தரம் கிறுகி,
மின்கம்பிக்கு விலகி வந்தவள்.

"வந்திட்டுது," என்றார் தாய்.
"சோறு மூடி வைச்சிருக்கன். கெதியா வாங்க."